ஒரு முறத்தில் இரண்டு வீட்டு அரிசி

மதுரை காளவாசலில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. போன மாதம் ஒரு நாள், பிள்ளைகளை வெளியே மரத்தடியில் விளையாட விடப் போகிறோம், வீட்டுக்கு ஒருவர் வந்து கூட விளையாட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகனும் மருமகளும் காலையிலேயே ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்விடுகிறவர்கள். அதனால் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் போனேன். பழைய டயரில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். மணலைக் கொட்டி, அதில் அளக்க டப்பாக்களும் வைத்திருந்தார்கள். அந்த டீச்சர் ஒவ்வொருவரிடமும், “சின்னப் பிள்ளையில நீங்க என்ன விளையாடுனீங்க? பிள்ளைகளுக்குச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தது. என் முறை வந்தபோது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, “நான் ஒன்னும் விளையாடலம்மா” என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அன்றைக்கும் பேச்சு வராது, இன்றைக்கும் வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இருக்கிறது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகமலை அடிவாரத்தில் ஒரு கண்மாய்க்கரை. கண்மாய்க்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அம்மா பிறந்த ஊர். அங்கே என் தாய்மாமா இருந்தார், அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளாய் அம்மா அங்கே போனதில்லை.

காரணம் என் காதுதான். எனக்குக் காது குத்தியபோது மாமா மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அதுதான் முறை. மாமா மேளதாளத்தோடு சீர்த்தட்டும் கிடாயும் கொண்டு புறப்பட்டிருக்கிறார். வழியில் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடிவிட்டது. சீர்க்கிடா இல்லாமல் தங்கச்சி வீட்டு வாசலை மிதிப்பதா என்று மாமா அதைத் துரத்திக்கொண்டு போய்விட்டார். இங்கே ஆசாரி நல்ல நேரம் போகிறது, போகிறது என்று ஊசியோடு நிற்கிறார். என் அய்யா பொறுத்துப் பார்த்தார். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். பிறகு, தூரத்து உறவில் மாமன் முறையான ஒருவர் மடியில் என்னைத் தூக்கி வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். மாமா வேர்த்து விறுவிறுத்துக் கிடாயோடு பந்தலுக்கு வந்தபோது என் காதில் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது. மாமா சீரையும் கிடாயையும் மேளத்தையும் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அய்யாவும், “வாசல் வரைக்கும் வந்த சீரைத் திருப்பிட்டுப் போனவன் வீட்டுல இனிச் சோறு தண்ணி கெடையாது” என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். நெருப்புக்கூட வாங்க மாட்டார்கள். மாமாவின் வண்டி கரையில் போகும்போது மாட்டுமணிச் சத்தம் கேட்கும். அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள், சத்தம் தேய்கிற வரைக்கும். ஏதோ கதவைத் துடைக்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஐந்து வயதானபோது கண்மாய்க்கரையில், இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு பாலவாடி வந்தது. ஓர் இருட்டு அறைதான் கொடுத்தார்கள். டீச்சரம்மா மதுரையிலிருந்து வருகிற சின்ன வயதுப் பெண். அறையைக் கூட்டிப் பூட்டி வைத்துவிட்டு எங்களைப் புங்கமரத்தடிக்கு ஓட்டிவிடுவார். அங்கே ஈர மண்ணில் கிணறு கட்டுவோம். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் அளப்போம். புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் ஒன்றாகக் கொட்டி, வகை பிரிக்கச் சொல்வார். பிறகு கறுப்புக் கல், வெள்ளைக் கல். பேசத்தான் எனக்கு வராதே தவிர, பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஊரிலே பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. “பிள்ளைகளைப் படிக்க விட்டா, மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு வருதுக” என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

மாமா மகனும் அங்கேதான் வந்தான். எனக்கு மச்சான் முறை. என் வயதுதான். டீச்சரம்மா எங்கள் இரண்டு பேர் நடுவிலும் ஒரே குவியலாகக் கொட்டை போடுவார். அவன் கை பட்ட கொட்டையை நான் தொட மாட்டேன். அவனும் அப்படித்தான். வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடத்தை இரண்டு பேரும் ஒழுங்காகப் படித்திருந்தோம்.

ஒரு நாள் டீச்சரம்மா வீடு வீடாக வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மரத்தடியில் கூட்டாஞ்சோறு ஆக்கப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு சிரட்டை அரிசி, வீட்டில் இருக்கிற காயில் ஒன்று. கூடவே வீட்டுக்கு ஒரு பெரிய ஆளும் வர வேண்டும். வந்து பார்த்தால்தான் தெரியும், பிள்ளைகள் விளையாடுகிறார்களா படிக்கிறார்களா என்று.

அம்மா போவதாகத்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

“இடுப்பு பிடிச்சுக்கிருச்சுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

“பொம்பளைக சோறாக்கி விளையாடுற எடத்துல நான் போயி என்னத்தைச் செய்ய?”

“அடுப்பு ஊதுங்க. அங்க நம்ம பிள்ளை மட்டும் ஆள் இல்லாம நின்னா, பெத்தவனுக்கு அம்புட்டுச் சோலியான்னு ஊரே கேக்கும்.”

அய்யா முனகிக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா சிரட்டையில் அரிசியை அளந்து கொடுத்தாள். எங்கள் வயலில் விளைந்த சிவப்பரிசி. ஒரு கத்தரிக்காயையும் கொடுத்துவிட்டு, என் காதோரம் குனிந்து, “எனக்கும் ஒரு வாய் எலையில கட்டிக் கொண்டாத்தா. மறந்துறாத” என்றாள்.

மரத்தடிக்குப் போனால் அந்தப் பக்கத்து வேரில் மாமா உட்கார்ந்திருக்கிறார். அத்தைக்கும் அன்றைக்கு இடுப்புப் பிடிப்பாம். அய்யா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. திரும்பி நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் டீச்சரம்மா வந்து, “வாங்கண்ணே, நீங்கதான் அடுப்புக்குக் கல்லுக் கூட்டணும்” என்று சொல்லிவிட்டார். அய்யா மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல் கூட்டினார். மாமா அய்யாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறகு முறித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. ஒரு சிரட்டை அரிசிக்கு இரண்டு சிரட்டை தண்ணீர் என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே பானையில் ஊற்றினோம்.

அய்யாவின் கூட்டாளி ஒருவர், “என்ன மாப்ள, அடுப்பு பத்துதா? சம்பளம் எம்புட்டு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“சும்மா இருப்பா. கண்ணு எரியுது” என்றார் அய்யா.

டீச்சரம்மா பெரிய முறம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, எல்லோரும் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னார். நான் எங்கள் சிவப்பரிசியைக் கொட்டினேன். எனக்குப் பின்னால் மாமா மகன் அவன் சிரட்டையைக் கவிழ்த்தான். வெள்ளைச் சம்பா. என் அரிசி மேலேயே விழுந்தது. மற்றப் பிள்ளைகளும் கொட்டினார்கள். எல்லோரும் கல்லைத் தேடினார்கள். நான் மட்டும் வேறு வேலையில் இறங்கினேன். சிவப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓர் ஓரமாகச் சேர்த்தேன். வெள்ளை மேலே விரல் படாமல் எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மாமா மகன் என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். அவனும் மறுபக்கம் உட்கார்ந்து வெள்ளையைப் பொறுக்க ஆரம்பித்தான்.

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். “என்னம்மா செய்யிறீங்க ரெண்டு பேரும்?”

நான் வாய் திறக்கவில்லை. மாமா மகனுக்குத்தான் வாய் உண்டே. “எங்க அரிசி தனி, அவுக அரிசி தனி டீச்சர். கலந்தா ஆகாது.”

“யார் சொன்னா?”

அவன் அவனுடைய அப்பாவைக் கை காட்டினான். டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் என் அய்யாவைக் கை காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. கேலி பேசிய அந்தக் கூட்டாளிகூட விறகைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. பயத்தில் இன்னும் வேகமாகப் பொறுக்கினேன். அய்யா எழுந்து வந்தார். அடிதான் விழப்போகிறது என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். அய்யா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் சேர்த்து வைத்திருந்த சிவப்புக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முறத்துக்குள் கையை விட்டு, என் குவியலையும் அவன் குவியலையும் ஒரே துழாவாகத் துழாவிவிட்டார். அவ்வளவு நேரம் பாடுபட்டதெல்லாம் போச்சு.

“இதை என்னைக்குப் பிரிச்சு என்னைக்கு ஒலை வைக்கிறது? பொழுது போயிரும்” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாமாவும் மரத்தைப் பார்த்துச் சொன்னார்: “நல்ல நேரம் போகுதுன்னு சில பேருக்கு எப்பவுமே அவசரந்தான்.”

“சில பேரு கிடா பின்னாலயே போனா, ஆசாரி என்ன, அதுவரைக்கும் ஊசியைப் பிடிச்சுக்கிட்டே நிப்பானா?”

“கிடா இல்லாம வந்திருந்தா மட்டும் சும்மாவா விட்டிருப்பாக?”

“வெறுங்கையோட வந்திருந்தாலும் மடி இருந்துச்சுல்ல? அதுதான வேணும்.”

அய்யா அதைச் சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நினைத்தேன். மாமா முறித்த விறகைக் கொண்டுவந்து அடுப்பில் செருகினார். பானை கொதித்தது. காய்கள், பருப்பு, உப்பு எல்லாம் உள்ளே போயின.

சோறு வெந்ததும் பெரியவர்கள்தான் பிள்ளைகளுக்கு முதல் வாய் ஊட்ட வேண்டும் என்றார் டீச்சரம்மா. அவரவர் பிள்ளையை அவரவர் கூப்பிட்டார்கள். மாமா இலையை எடுத்துக்கொண்டு எழுந்து நேரே எங்கள் பக்கம் வந்தார். அய்யாவைக் கேட்கவில்லை. என்னைத் தூக்கி, சப்பணமிட்டு உட்கார்ந்து, தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் வேட்டியில் மாட்டுத்தொழு வாசம் அடித்தது. என் காதுமடலை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் வலிக்குதாத்தா?”

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

“எனக்கு வலிக்குதே” என்றார் மாமா.

அவருக்குத்தான் கம்மலே இல்லையே, எப்படி வலிக்கும் என்று அவர் காதை உற்றுப் பார்த்தேன். அவர் எனக்கு ஒரு வாய் ஊட்டினார். அய்யா அந்தப் பக்கம் மாமா மகனை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஊதி ஊதி ஊட்டினார். அவன் கல் கடித்ததாகச் சொல்லித் துப்பினான். கடைசியில் அய்யாவும் மாமாவும் ஆளுக்கு ஓர் இலையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பேசவில்லை. ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டும் உட்காரவில்லை.

நான் அம்மா சொன்னதை மறக்காமல் ஒரு பிடிச் சோற்றை இலையில் வைத்து நார் கட்டிக்கொண்டேன். மாமா மகனும் அவன் அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டினான்.

வீட்டுக்கு வந்தால், இடுப்புவலிக்காரி வீடு முழுவதும் சாணி மெழுகியிருந்தாள். குளித்துத் தலையை முடிந்திருந்தாள். அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்பக்கம் போனார். அம்மா என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, வாசப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தாள்.

“அய்யா சாப்பிட்டாகளா?”

“ம்.”

“மாமா?”

“ம். என்னைய மடியில வச்சுக்கிட்டாரு.”

அம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறி இறுகிப்போயிருந்தது. சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு வாயாக, மெல்ல மெல்லத் தின்றாள். கல் கடித்தபோதுகூடத் துப்பவில்லை. இலையில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பருக்கையை விரலால் ஒத்தி எடுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

“பாத்தியாடி. எங்க வீட்டு அரிசி.”

“இல்லம்மா. நம்ம வீட்டு அரிசி செவப்பு. அது அவுக வீட்டு அரிசி” என்று திருத்தினேன். அன்றைக்கு முழுவதும் நான் பேசியதில் அதுதான் பெரிய பேச்சு.

அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு, “ஆமாத்தா, நீ சொன்னா சரி” என்றாள்.

எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இடுப்புவலி வராமல் அவளும் மரத்தடிக்கு வந்திருந்தால், எது யார் வீட்டு அரிசி என்று பிரிக்க டீச்சரம்மா அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்.