பூட்டிய கதவும் குடிக்காத தண்ணீரும்

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு உட்கார வரவில்லை. தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அலுவலகத்தில் ஆயுளைத் தேய்த்தவன், வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எழுந்துபோய் வாசல் கேட்டைப் பார்த்துவிட்டு வருவேன். அதனால்தான் உறுவையாறு பக்கம் தைலத்தைப் பாட்டிலில் அடைக்கும் சிறு கம்பெனியின் முதலாளி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

அவருக்கு வேண்டியது ஒரு ஃபைல். சரக்கு வாங்கும் பெரிய இடத்தில், தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"பாக்க நல்லா இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க சார்."

இந்த வகை ஃபைல் எனக்குத் தூக்கத்திலும் வரும். முதலுதவிப் பெட்டி, பதிவேடு, மருத்துவ முகாம், புகைப்படம். முகாமுக்கு வந்த டாக்டர் எல்லாப் பெண்களிடமும் ஒன்றையே சொன்னார்: நிறையத் தண்ணீர் குடியுங்கள். முதலாளி உடனே குளிர்ந்த நீர் தரும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார். அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்தோம். ஃபைலில் நன்றாகவே வந்தது.

ஆனால் இயந்திரத்தின் மேல் கவிழ்த்த கேனில் தண்ணீர் குறையவில்லை.

மூடி இறுக்கும் மேசைகளில் ஒன்றில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அபிஷேகப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருபவர். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தவர். இன்னொரு முறை லீவு போட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, நீங்களாவது தண்ணி குடிக்கலாமில்ல?"

"குடிச்சிட்டு எங்க சார் போறது? கக்கூசு சாவி சூப்பர்வைசர் பாக்கெட்ல இருக்குது. போயி நின்னா, 'இப்பதான போன'ன்னு அத்தினி பேரு எதுர்ல கேப்பாரு. காலைல வூட்ல ஒரு டம்ளர் காபி. அப்புறம் வூட்டுக்குப் போயிதான் தண்ணி."

பக்கத்து மேசைப் பெண் சிரித்தார். "நாங்கல்லாம் ஒட்டகம் சார். உங்க ஃபைல்ல அதயும் எழுதிக்குங்க."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்று கழிப்பறைகள். இரண்டில் கூரை வரை அட்டைப்பெட்டிகள். மூன்றாவதில் பூட்டு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, வேலையில் இருந்தபோது இந்தக் கட்டடத்தைப் பார்வையிட்டவனே நான்தான். 'பெண்களுக்குக் கழிப்பறை: உள்ளது' என்று என் கையால் எழுதியிருந்தேன். பொய்யில்லை. திறக்குமா என்று படிவம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே அந்தப் பெண் மறுபடி காய்ச்சலில் படுத்தார். அவர் மேசையில் வேறொருவரை நிறுத்தி, வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார் சூப்பர்வைசர். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள், ஒழுகுகிறது என்று திரும்பி வந்த பெட்டிகளின் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். எந்த மேசை, எந்த நாள், எந்த நேரம் என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. அன்று பகல் முழுவதும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் சீட்டுகளை முதலாளியின் முன் பரப்பினேன்.

"மத்த மேசைங்கள்ல இருந்து திரும்பி வந்ததெல்லாம் சாயந்திரம் அடைச்சது. அந்தம்மா மேசையில, அவங்க லீவுல இருந்த நாள் வேற ஆளு இறுக்குனது மட்டும்தான். கக்கூஸ் பூட்டியிருக்குன்னு நாள் பூரா தண்ணி குடிக்காத கை மூடிய எவ்வளவு இறுக்கும்?"

தொழிலாளர் நலன் என்றால் கொட்டாவி விடுகிற முதலாளி, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அட்டைப்பெட்டியெல்லாம் எங்க சார் வைக்கறது?"

"உங்க ரூம்ல பாதி காலியாதான் இருக்கு."

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"அந்தம்மாவ வரச் சொல்லுங்க சார்."

"நான் சொன்னா செல்லாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

என் பழக்கதோஷம். எழுதிக் கொடுத்தார்.

உடம்பு தேறி அந்தப் பெண் திரும்பிய அன்று மூன்று கதவுகளிலும் வெளிப்பூட்டு இல்லை. உள்ளே தாழ்ப்பாள் மட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்திருந்தேன். அவர் இயந்திரத்தில் டம்ளரைப் பிடித்து, சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதி குடித்தார். மீதியையும் குடிக்கச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

"இருங்க சார். ஒரு வாரம் கதவு தெறந்தே இருக்குதான்னு பாத்துக்கறேன். அப்புறம் மீதி."

என் வேலை முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பின்பக்கம் போய்க் கதவுகளை இன்னொரு முறை பார்த்தேன்.