தாடை வலி

எங்கள் ஏரியில் பெண்கள் நாங்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். இரண்டு கையும் வேலையாக இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அதனால் தாடை வலி எங்களுக்குச் சளி, இருமல் மாதிரி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று காலை அம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. தாடையைப் பிடித்துக்கொண்டு, "வாந்தி வர்ற மாதிரி கீதுடி" என்றாள். படகில் அக்கரை போய், ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் அவள் உதடு வெளுத்துவிட்டது.

அங்கே, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டார்கள். அம்மாவைப் பேச விட்டேனா? என் வாய் சும்மா இருக்காது. "பறி கடிச்சி கடிச்சி தாடை வலிங்க. நேத்து துன்னது செரிக்கல போல" என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

கையில் ஃபைலோடு ஒரு பெண் வந்தாள். அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள், நோய் எங்கே பிடிபடாமல் போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். இந்த நேரத்தில் இது வேறா என்று எனக்கு எரிச்சல். அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்டாள்.

"கடைசியா எப்பம்மா ஏரியில எறங்கினீங்க?"

"எட்டு நாளா எறங்கலம்மா. நடந்தாலே மூச்சு வாங்குது."

"தாடை வலி எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்து."

எட்டு நாள் பறியைத் தொடாதவளுக்கு அதனால் எப்படி வலிக்கும்? கூடவே இருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தப் பெண் ஃபைலை பெஞ்சிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அம்மாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மார்பில் ஒட்டிய ஒயர்களைப் பார்த்து, "இன்னாடி, தாடை வலிக்கு இவ்ளோ ஒயரா?" என்றாள். ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர், ஹார்ட் அட்டாக் என்றார். கதவைச் சாத்திவிட்டார்கள். செத்துவிடுவாள், நான்தான் காரணம் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் மீதிக் கேள்விகளோடு வார்டுக்கு வந்தாள்.

"தாடை வலிக்குதுன்னு அம்மா முதல்ல யார்கிட்டக்கா சொன்னாங்க?"

"என்கிட்டதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"வேலைக்கு வராம இருக்க இது ஒரு சாக்கானு கேட்டேன்."