சுழலாத பந்து

நாற்பத்தாறு வயதில் என் கணவரின் பந்து வேகம் இழந்துவிட்டது. இங்கே கனடாவில் பள்ளிக்கூடத்தில் பழகிய பேஸ்போலை அவர் விட்டதேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கம் நகரத்தில் தன் வயதுக்காரரோடு விளையாடுவார், பந்தெறிவது அவர்தான். அந்த வசந்தத்தில் அவர் எறிந்ததையெல்லாம் எதிரணியினர் அடித்து விரட்டினார்கள்.

“இனி நக்கிள்போல்தான். அதுக்கு வேகம் தேவையில்லை” என்றார்.

விட்பியில் எங்கள் வீட்டின் பின்வளவில், பந்து பிடிக்க என்னை நிறுத்தினார். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நகங்களையும் பந்தில் ஊன்ற வேண்டும். பெருவிரல் அடியில் தாங்கும். மணிக்கட்டை மடக்காமல் தள்ளிவிட வேண்டும். சரியாக விட்டால் பந்து சுழலாது, தள்ளாடிக்கொண்டு வரும். எந்தப் பக்கம் திரும்பும் என்று எறிந்தவருக்கே தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயப்படும்படி ஒரு பந்தும் வந்து சேரவில்லை. நழுவி அவர் காலடியிலேயே விழுந்தது.

“குளிருக்கு விரல் விறைக்குது.”

வெயில் வந்த பிறகும் விழுந்தது. நகத்தை வெட்டிப் பார்த்தார், வளர்த்துப் பார்த்தார். கடைசியில் பந்தை வேலியோரம் காலால் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஒரு காலை வேலைக்கு வெளிக்கிடும்போது திறந்த சட்டையோடு என்னிடம் வந்தார்.

“இந்தப் பொத்தானை ஒருக்காப் போட்டுவிடும்.”

போட்டுவிட்டேன்.

குடும்ப வைத்தியர் நரம்பு வைத்தியரிடம் அனுப்பினார். எத்தனையோ சோதனைகளுக்குப் பிறகுதான் சொன்னார்கள்: தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகின்றன, மருந்தில்லை. திரும்பும் வழியில் காரை நான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் சொன்னார்:

“நான் பழக்கம் போதாது எண்டெல்லோ நினைச்சன்.”

அடுத்த கோடையில் சக்கர நாற்காலியில் பின்வளவுக்கு வந்தார். பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது.

“நீர் எறியும். நான் பாக்கிறன்.”

“எனக்கு உது வராதப்பா.”

“வரும். மணிக்கட்டை மடக்காதையும்.”

பின்னேரங்களில் வேலியைப் பார்த்து எறிந்தேன். எல்லாம் சுழன்றன. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. அவர் காணாமல் துடைத்துக்கொண்டேன். புரட்டாதி அளவில் ஒரு பந்து சுழலாமல் போனது. அதன் தையல் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் ஒரு தரம் நெளிந்து வேலியில் மோதியது.

திரும்பினேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை.

“என்னப்பா?”

மறுபடி சொன்னார். குனிந்து வாயருகே காது கொடுத்தேன். அப்போதும் விளங்கவில்லை. “ஓம்” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பார்வையை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாசி மாதப் பனியில் அவரைத் தகனம் செய்தோம். பந்து சுழலாமல் போன அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியாது.