நடுவில் நிறுத்தக் கூடாத சுவர்

டோரீன் ஆப்பிள்யார்டின் மடக்கு கேரவன் எந்த மைதானத்தில் போய் நின்றாலும் சரி, யார்க்ஷயர் பூனைகளில் பாதி அதன் சக்கரத்தடியில் வந்து உட்கார்ந்துவிடும். பாதி என்பது நான் கூட்டிச் சொன்னது. அரைக்கால் என்று வைத்துக்கொண்டாலும் கதைக்குக் குறைவில்லை. பூனை வரும் என்பது மட்டும் நிஜம். ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால், "கடல் காத்து மரத்துல ஊறிப் போச்சுன்னு எங்கப்பா சொல்லுவார்" என்று டோரீன் சொல்லுவாள். அவர்கள் ஊரான விதர்ன்ஸீயின் கடலோரத்தில் எல்லா வீட்டு மரத்திலும் கடல் காற்று ஊறித்தான் இருக்கிறது. அந்த வீடுகளைப் பூனை முகர்ந்தும் பார்ப்பதில்லை. டோரீன் இதை யோசித்ததில்லை. அப்பா சொன்னால் அவளுக்கு அது வேதம்.

அவள் அப்பா ஹெட்லி தச்சர். அந்த கேரவனை அவர்தான் செய்தார். மடக்கி வைத்தால் இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி, இரண்டு சக்கரம். நின்ற இடத்தில் கூரையை நாலு காலில் தூக்கி நிறுத்தி, பெட்டியின் வெளிப்பக்கம் தொங்கும் சுவர்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிப் பூட்டினால் வீடு. அதில் ஒரு விதி உண்டு. சுவரைத் தூக்க ஆரம்பித்தால் ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். "நடுவுல நிறுத்தினா காத்து பிச்சிக்கிட்டுப் போயிடும்" என்று ஹெட்லி சின்ன வயதிலேயே மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். எழுபது வயது தாண்டியும் அவள் நிறுத்தியதில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டில், பழைய கேரவன்காரர்கள் சங்கம் ஊருக்கு வெளியே பாறை விளிம்பை ஒட்டிய மைதானத்தில் கூடும். முன்வரிசை, பேர் தெரிந்த தயாரிப்புகளுக்கு. ஒவ்வொன்றின் முன்னாலும் செய்தவர் பெயரோடு ஒரு மரப்பலகை இருக்கும். வேலியோரம், வீட்டில் தட்டிக் கொட்டிச் செய்தவற்றுக்கு. டோரீன் வண்டியின் பலகையில் 'செய்தவர் தெரியவில்லை' என்றிருக்கும். தெரியவில்லையாம். அவள் ஒவ்வொரு வருஷமும் அதைத் திருப்பி வைத்துவிட்டு அதன்மேல் கெட்டிலை வைப்பாள்.

இந்த வருஷம் கெட்டில் போதாது. கணவன் க்ளிஃபோர்டுக்கு முழங்கால் போய்விட்டது. இனி வண்டியை இழுத்துக்கொண்டு அலைய முடியாது. சங்கத்தின் காட்சிக் கொட்டகைக்கு அதைக் கொடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. கொட்டகைக்குள் எந்தப் பலகையோடு போகிறதோ அதுதான் கடைசி வரைக்கும். அப்பா பெயரில்லாமல் அனுப்புவதில்லை என்று டோரீன் பிடிவாதமாக இருந்தாள். ஆதாரம் பார்த்துச் சொல்ல சங்கத்தின் ஓல்ட்ராய்டு வந்திருந்தார். மடக்கு கேரவன்களின் குலம் கோத்திரம் தேடியே தலை நரைத்தவர்; ஒரு கீலைப் பார்த்தால் போதும், எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார்.

"மடக்கு கேரவன்னு ஒண்ண இங்கிலாந்துலயே முதல்ல செஞ்சவர் எங்கப்பா. எழுதிக்குங்க" என்றாள் டோரீன்.

"முதல்னு போட முடியாதும்மா. போன மாசமும் நாலு பேரோட அப்பா முதல்ல செஞ்சாங்க" என்றார் அவர். "ஏத்திக் காட்டுங்க, பாக்கலாம்."

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஐவி உட்கார்ந்திருந்தாள். டோரீனின் சித்தி, அம்மா தோராவின் தங்கை. தொண்ணூறைத் தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்திலிருந்து அவளை டோரீன்தான் வருஷா வருஷம் அழைத்து வருவாள். மடியில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ஒரு பணியாரம், கால்மேல் கம்பளி. பேச்சில் கலந்துகொள்வதில்லை; பணியாரத்தை மென்றுகொண்டிருந்தாள்.

மழை பிடித்திருந்தது. டோரீன் ஒரு முனையையும் க்ளிஃபோர்டு மறுமுனையையும் பிடித்து நீளச் சுவரைத் தூக்கினார்கள். படுக்கை வசத்துக்கு வந்த இடத்தில், ஈரத்தில் உப்பிய கீல் இறுகிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

"நிறுத்தாத, தூக்கு" என்றாள் டோரீன்.

"நானா நிறுத்தறேன்? உங்கப்பன் கீலு நிறுத்துது."

"உன் முட்டியவிட அது வயசுல பெரிசு. மரியாதையாப் பேசு."

க்ளிஃபோர்டு வலி தாங்காமல், கூடாரக் கம்பென்று இத்தனை காலம் அவர்கள் நினைத்திருந்த இரண்டு கட்டைகளை எடுத்துச் சுவருக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். அளந்து வெட்டியதுபோல அவை கச்சிதமாகப் பொருந்தின. ஓல்ட்ராய்டு குனிந்தார்.

காற்று சுவரைப் பிய்த்துக்கொண்டு போகவில்லை. கூரை ஓரத்திலிருந்து மழை அதன்மேல் கொட்டியது. தண்ணீர் தேங்காமல் ஒரு மூலையை நோக்கி ஓடி, அங்கிருந்த துளை வழியே நேராகக் கீழே விழுந்தது. விளக்குக் கம்பி போக அப்பா போட்ட துளை என்று டோரீன் நம்பியிருந்த துளை அது. துளையின் கீழே பூனைகள் வந்து உட்கார்ந்தன. பதினோரு பூனைகள், ரேஷன் கடை வாசலில் நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக.

"கீல் ஆணியில தேய்மானம் இருக்கு" என்றார் ஓல்ட்ராய்டு. "ஆனா முழுசா ஏத்தி வெச்சதால வந்த தேய்மானம் கொஞ்சம்தான். இப்படிப் பாதியில நிறுத்தினதால வந்ததுதான் ஆழமா இருக்கு. யாரோ இதப் பல வருஷம் பாதியிலயே நிறுத்தி வெச்சிருக்காங்க. மேல ஒட்டியிருக்கற இந்த மெழுகுத்துணியக் கொஞ்சம் விலக்கலாமா?"

பூப்போட்ட மெழுகுத்துணி. உள்சுவர் அழகுக்கென்று அப்பா ஒட்டியது. டோரீன் தயங்கி, ஓரத்தைப் பிடித்து உரித்தாள். அடியில் பலகை முழுக்கக் கத்தி வெட்டு. குறுக்கும் நெடுக்குமாக, ஆழமாக. எழுபது வருஷத்து மீன் நாற்றம் குப்பென்று எழுந்தது.

ஐவி மெல்லுவதை நிறுத்தினாள். "அங்கதான் நான் கட்ட விரல வெட்டிக்கிட்டேன்" என்றாள்.

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன பாக்கறீங்க? அது தோராவோட மீன் கடை. கடற்கரைச் சாலையில போட்டிருந்தா. ராத்திரி எந்தக் கடையும் சாலையில நிக்கக் கூடாதுன்னு நகராட்சிக்காரன் வந்து குதிச்சான். கடைய வீட்டுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி மடிச்சிடலாம்னு அவதான் யோசிச்சா. சாக்பீஸால எங்க வீட்டுத் தரையில வரைஞ்சா. ரம்பம் புடிக்க ஒரு தச்சன் வேணுமேன்னு தேடினா. உங்கப்பன் வந்தான். ரம்பத்தோட வந்தவன் திரும்பிப் போகல."

"ஏன் சித்தி இத்தன நாள் சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? 'அப்பா எப்படிக் கண்டுபுடிச்சார்'னு கேட்ப. அத அவங்கிட்டதான கேக்கணும்?" ஐவி பணியாரத்தின் ஓரத்தைக் கடித்தாள். "அவன் வாயத் தொறக்க முடியாது. சர்ச்சுல பாதிரியார் பொண்டாட்டி பக்கத்துல உக்காரணும், மீன்காரின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாதுன்னு உங்கம்மாவுக்கு ஒரு ஆச. ஜெர்மன்காரனோட சண்ட முடிஞ்சதும் கடைய கேரவனா மாத்தச் சொன்னா. 'நீயே செஞ்சதா சொல்லிக்கோ. மீனுன்னு மட்டும் மூச்சு விடாத'ன்னா. அவனும் விடல. நடுவுல நின்னா அது மீன் பலகையாச்சே! பாவம், நடுவுல நிறுத்தாதன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்."

டோரீன் ஈரப் பலகையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஓல்ட்ராய்டு பேனாவை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அப்பா பெயருக்காகத்தான் இத்தனை வருஷமும் அவள் மல்லுக்கட்டினாள். இப்போது அந்தப் பெயரை மட்டும் போட்டால் பொய். அம்மா பெயரைப் போட்டால், அம்மா ஆயுசு முழுக்க மெழுகுத்துணி போட்டு மூடியதை மகளே உரித்து ஊருக்குக் காட்டியதாகும்.

"அம்மாவுக்குப் பிடிக்காது, சித்தி."

"பிடிக்காதுதான். ஆனா யாருக்கு பயந்து மறைச்சாளோ அந்தப் பாதிரியார் பொண்டாட்டி செத்துப் புல்லு முளைச்சாச்சு. அந்தம்மாவே வெள்ளிக்கிழமையான்னா பின்வாசல் வழியா நம்ம மீனத்தான் வாங்குவா." ஐவி கட்டை விரலை நீட்டினாள்; தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "எனக்கு வெக்கம் கிடையாது. நானும் மீன்காரிதான்."

டோரீன் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அம்மா பேரப் போடுங்க" என்றாள் ஓல்ட்ராய்டிடம். "மீன் கடைன்னும் போடுங்க."

"அவ பேர மட்டும் போட்டா அதுவும் பொய்" என்றாள் ஐவி. "அவளுக்கு நேரா ஒரு கோடு போட வராது. தரையில அவ வரைஞ்சத அப்படியே வெட்டியிருந்தா கூரை நின்னிருக்காது. உங்கப்பன்தான் திருத்தித் திருத்தி வெட்டினான். ரெண்டு பேர் பேரையும் போடு. அவ பேரு முன்னால."

மறுநாள் வேலியோரத்திலிருந்து வண்டியை முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீளச் சுவரைப் பாதியிலேயே நிறுத்தி முட்டுக்கொடுத்திருந்தார்கள். பலகையில் 'தோரா, ஹெட்லி. மீன் கடை, பிறகு கேரவன்' என்று இருந்தது. முதல் என்ற சொல் இல்லை. ஓல்ட்ராய்டு அதில் மட்டும் அசையவில்லை. கெட்டில் வைக்க டோரீன் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

புது மோட்டார் வண்டியில் வந்த ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். டோரீன் கத்தி வெட்டுகளைத் தடவிக் காட்டினாள். "நேத்து மழையில இதப் பாதியில நிறுத்தினோம் பாருங்க, வாசனைக்குப் பதினோரு பூனை வந்து வரிசை கட்டி நின்னுது."

உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த க்ளிஃபோர்டு தலையை வெளியே நீட்டினார்.

"மூணு" என்றார். "அதுல ஒண்ணு நாய்."