இரண்டு கேப்சூல் போதும் என்கிறவன்

இன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் என் கொழுந்தனைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே கழுத்து வீங்கியிருந்தது.

"பல்லு வேதனதான் மதினி. மெடிக்கல்ல ரெண்டு கேப்சூல் வாங்கிப் போட்டேன், கொறஞ்சாச்சு" என்றான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவனுடைய அண்ணன், என் வீட்டுக்காரர், இதையேதான் சொன்னார். வலித்தால் இரண்டு வாங்குவார், குறைந்ததும் நிறுத்திவிடுவார். கடைசியில் கழுத்துக்குள் சீழ் இறங்கி மூச்சை அடைத்துவிட்டது. அந்தக் கேப்சூல் அந்தக் கிருமியை ஒன்றுமே செய்யாது என்று சோதனைத் தாள் வந்தபோது அவர் இல்லை. மூன்று மாதம் ஆகிறது.

"வாயத் தொற லே" என்றேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது.

அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உடனே படுக்க வைத்து டிரிப்ஸ் போட்டார்கள். மலையாளி டாக்டரையும் நான் விடவில்லை.

"எந்தக் கிருமின்னு தெரியாம எப்பிடி மருந்து ஏத்துறீங்க?"

"சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பியாச்சு சேச்சி. ரிசல்ட் வர மூணு நாள் ஆகும், அதுவர காத்திருக்க முடியாது. பல்லுலருந்து வர்ற கிருமி பல ஜாதி. இப்ப எல்லாத்துக்கும் சேத்து மருந்து. ரிசல்ட் பாத்து மாத்துவோம், கேட்டோ."

"அந்தத் தாள எனக்கும் காட்டணும்" என்றேன்.

"மதினிக்கு எல்லார் மேலயும் சம்சயம்" என்று கொழுந்தன் முனகினான்.

ஆமாம், சம்சயம்தான்.

வலி குறைந்தால் மருந்து முடியும் முன்பே எழுந்து ஓடிவிடுவான். அதனால் அவன் செருப்பைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உங்கள் வீட்டு ஆட்களை நீங்கள் எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்?