ஓடுதளத்தை அமைத்தவர் றமீரோ

றமீரோ காலமான செய்தியை அவருடைய மனைவி எலேனா செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னார். "இறுதிச் சடங்குக்கு வடக்கிலிருந்து நகரத் தலைவரும் வருகிறாராம். பேசவும் போகிறாராம்" என்றார்.

றமீரோவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலி நாட்டிலிருந்து அகதியாக வந்த றமீரோ, பிரெஞ்சு பேசும் புவாண்ட்-கிளேர் நகரில் ஒரு கிடங்கு வைத்து, வடக்கே காட்டுக்குள் இருந்த சுரங்க ஊருக்கு உணவுப் பொருட்கள் அனுப்பி வந்தார். அவருடைய கடிதங்களை எழுதும் எழுதுவினைஞன் நான். கிடங்கில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தார். எங்களிடமே தமிழ் பழகினார். லொறியில் சாமான் ஏற்றும்போது, "தூரத்து வீட்டுப் பெட்டி முதல் ஏறட்டும் அண்ணை, பக்கத்து வீட்டுக்காரன் கத்தினாலும் பரவாயில்லை" என்பார்.

பிறகு அந்த ஊரிலேயே குடியேறி, நகர சபைத் தேர்தலில் வென்றார். பனியில் பாதை மூடினால் நோயாளிகளை வெளியே கொண்டுபோக வழியில்லை. விமான ஓடுதளம் வேண்டுமென்று கேட்டார். நகரத் தலைவர் மூன்று முறை எதிர்த்து வாக்களித்தார். "கடைக்காரன் தன் சரக்கை இறக்கக் கேட்கிறான்" என்று சபையிலேயே ஏளனம் செய்தார். றமீரோ விடவில்லை. அந்த நிலத்தின் பூர்வகுடிகளிடம் போய் முதலில் சம்மதம் கேட்டார். நான்காம் முறை மற்ற உறுப்பினர்கள் மனம் மாறினார்கள். மண் அள்ளத் தன் லொறிகளையே அனுப்பினார்.

திறப்பு விழாவுக்கு அவர் பெயரில் அழைப்பிதழ் எழுதியவன் நான். எங்கள் வழக்கப்படி பதவியில் பெரியவரை மேலே போட்டேன்: 'நகரத் தலைவரின் தலைமையில் உருவான ஓடுதளம்.' றமீரோவின் பெயர் கீழே, நன்றியுரைக்கு.

வாசித்துச் சிரித்தார். "என்ன அண்ணை, ஆளை மாப்பிள்ளை மாதிரி மேலை ஏத்திப்போட்டியள்?"

"ஒரு மரியாதைக்கு..."

"மரியாதையோ? மூண்டு தரம் என்னை விழுத்தின மனுசன்! சரி, விடுங்கோ. பிளேன் இறங்கினாப் போதும்."

அவர் திருத்தச் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

வில்லரே தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் நகரத் தலைவர் அந்த அழைப்பிதழைத்தான் உயர்த்திக் காட்டினார். "என் தலைமையில் உருவானது என்று றமீரோவே எழுதியிருக்கிறார்." வரும் கோடையில் ஓடுதளத்துக்கு நகரத் தலைவரின் பெயரையே வைக்கப் போகிறார்களாம். பெட்டிக்குள் கிடப்பவரிடமே திருட எத்தனை துணிச்சல்! அந்தத் திருட்டுக்குச் சாவி செய்து கொடுத்தது என் கை.

என் மனைவி முழங்கையால் இடித்தார். "இப்பவும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கப்போறியளோ? எழும்புங்கோ!"

எழும்பினேன். "அதை எழுதியது நான். அது பொய். இவர் மூன்று முறை எதிர்த்தவர்" என்று பிரெஞ்சில் சொன்னேன். குரல் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. "மெர்சி, மிசியே" என்று எனக்கே நன்றி சொல்லிப் புன்னகைத்துவிட்டு நகரத் தலைவர் உட்கார்ந்தார். பாதிரியார் அடுத்த பாட்டுக்குச் சைகை காட்டினார்.

இதோடு விடமாட்டேன். அந்த வாக்கெடுப்புகளின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு நகர சபைக்கு எழுதியிருக்கிறேன். கிடைக்கும்வரை எழுதுவேன்.

அன்று பெட்டியைத் தூக்கும்போது முன் கைப்பிடியை நோக்கி நகரத் தலைவர் வந்தார். எலேனா அவர் கையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிடித்தேன். என் வயதுக்கு மிஞ்சிய பாரம். தோள் இன்னும் நோகிறது, நோகட்டும். போய் வாருங்கள், றமீரோ.