முன் பெட்டியில் நின்றவர்

1. கண் பரீட்சை

வேலையில் சேர்ந்த முதல் நாளே மச்சான் சொன்னார்: "இங்க டிரைவருக்குக் கண்ணு கிடையாதுடா. நான்தான் கண்ணு."

மலை ரயிலில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எதிரே என்ன கிடக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது. முதல் பெட்டி முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் கொடியை நம்பித்தான் வண்டி போகும். அங்கே நின்றவர் என் அக்கா புருஷன், புதுச்சேரிப் பக்கம் பாகூர்க்காரர். வில்லியனூரில் சும்மா திரிந்த என்னைக் கூட்டிப்போய் இரண்டாம் பெட்டி பிரேக்கில் நிறுத்தியதும் அவர்தான். 'பிரெஞ்சுக்காரன் ஊரு ஆளுங்க' என்று எங்களைக் கேலி செய்வார்கள்.

நாலாம் வருஷம் அவர் பார்வை மங்கியது. கண் பரீட்சையில் தூரத்து அட்டையிலுள்ள புள்ளிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் அன்றே சீட்டுக் கிழியும்.

"மூணு பொண்ணை வச்சிக்கினு நான் எவன் வயல்ல போயி நிப்பேன்? இன்னாடா பண்றது?" என்று அழுதார்.

வரிசையில் அவர் பின்னால் நின்றேன். எத்தனை புள்ளியோ அத்தனை தடவை முதுகில் விரலால் குத்தினேன். தேறிவிட்டார். எனக்கு அன்று அவ்வளவு பெருமை, பாவி.

2. அருவிப் பாலம்

மறு மாதம், நல்ல வெயில். அருவியைப் பார்க்கத் துரைமார்களும் துரைசானிகளும் ஜன்னலில் முண்டியடித்தார்கள். வளைவில் நான் எட்டிப் பார்த்தேன். பாலத்தில் ஒரு கேங்மேன் குனிந்து பல் பட்டைக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அருவி இரைச்சலில் வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. மச்சான் பச்சைக் கொடியையே காட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஆளு! சிவப்பு காட்டு!"

கத்திக்கொண்டே பிரேக்கைத் திருகினேன். வண்டி நின்றபோது அந்த மனிதர் முதல் பெட்டிக்கு அடியில் கிடந்தார்.

விசாரணையில், "பனிங்க, ஒண்ணும் தெரியல" என்றார் மச்சான். என்னைக் கேட்டார்கள். அக்கா முகம் கண்ணில் நின்றது. "ஆமாங்க, பனி" என்றேன். எழுதிக்கொண்டார்கள்; வேறு யாரையும் கேட்கவில்லை.

வெளியே செத்தவரின் மனைவி நின்றிருந்தாள். "பனியா? அன்னிக்கு நான் துணி காயப் போட்டேனே அண்ணே. அவரு கிளம்பும்போதே பாதி காஞ்சிருச்சே."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மச்சான் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டுப் பாகூருக்குப் போனார். கூலி வேலைக்குத்தான்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உறவுக்காரன் கஷ்டப்பட்டால் சோறு போடுங்கள், அவன் பெண்ணைக் கட்டிக் கொடுங்கள், கூட உட்கார்ந்து அழுங்கள். கண் தெரியாதவன் கையில் கொடியை மட்டும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.